இருபது ஆண்டு வலிப்பு மாத்திரை: தள்ளாட்டம், ஈறு வீக்கம், மறதி எதனால்?

சிங்கப்பூரில் ஜூரோங் வெஸ்டில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருப்பதைச் சுருக்கித் தருகிறேன். அவருடைய கணவருக்கு வயது 48. கல்லூரிக் காலத்தில் வந்த வலிப்புக்காக, டைலான்டின் என்ற பெயரில் கிடைக்கும் பெனிட்டாயின் 300 மில்லிகிராமை 20 ஆண்டுகளுக்கும் மேலாக இரவில் சாப்பிட்டு வருகிறார். பின்னர் எபிலிம், அதாவது வால்ப்ரோயேட், சேர்க்கப்பட்டது. கடைசியாக வலிப்பு வந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் இப்போது ஈறு தடித்துப் பல்லை மூடுகிறது. படியிறங்கும்போது தடுமாறுகிறார். பேச்சு இழுக்கிறது, சொன்னது மறந்துபோகிறது. ரத்தத்தில் மருந்தின் அளவு சரியாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். "வலிப்புதான் வருவதில்லையே, மாத்திரையை நிறுத்து" என்கிறார் மாமியார். நிறுத்தலாமா என்பது கேள்வி.

நிறுத்தவே கூடாது. இப்படியே விட்டுவிடவும் கூடாது. அடுத்த சந்திப்புக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். நரம்பியல் பிரிவுக்குத் தொலைபேசியில் அழைத்து, "பெனிட்டாயின் சாப்பிடுகிறார், நடை தடுமாறுகிறது" என்று சொல்லி, சந்திப்புத் தேதியை முன்னால் நகர்த்தச் சொல்லுங்கள். பார்வை இரண்டாகத் தெரிவது, வாந்தி, பகலிலும் எழுப்பச் சிரமமான தூக்கம் ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்துகொண்டால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

நான் மருத்துவர் இல்லை. மருத்துவமனை ஒன்றில் மருந்தாளராகப் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வலிப்பு மருந்துகளின் ரத்த அளவைப் பார்த்து மருத்துவருக்கு யோசனை சொல்வது அந்த வேலையில் ஒரு பகுதி. உங்கள் கணவரை நான் பார்த்ததில்லை என்பதால் முடிவு சொல்ல வேண்டியவர் அவருடைய மருத்துவர்தான். ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் என் சந்தேகம் முதலில் பெனிட்டாயின்மீதுதான் விழுகிறது.

இந்த மருந்து வலிப்புக்கு உதவும் என்பதை மெரிட், பட்னம் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1938இல் காட்டினார்கள். அதுவரை இருந்தவை புரோமைடும் பினோபார்பிட்டாலும். இரண்டும் ஆளைத் தூங்கவைத்தே வலிப்பை அடக்கியவை. தூக்கம் வராமல் வலிப்பை நிறுத்தும் மருந்து என்பதால் பெனிட்டாயின் உலகெங்கும் பரவியது. விலையும் மலிவு. அதனால்தான் 1990களில் தமிழ்நாட்டில் வலிப்பு கண்டவர்களில் பெரும்பாலோர் இதையோ பினோபார்பிட்டாலையோதான் சாப்பிட்டார்கள். இங்கே வேலைக்கு வந்த பிறகும் வலிப்பு வராததால் அதே மருந்து தொடர்ந்திருக்கிறது. "நன்றாக இருப்பதை ஏன் மாற்ற வேண்டும்" என்பது நியாயமான கேள்வி. 48 வயதுக்காரர் கைப்பிடியைப் பிடிக்காமல் படியிறங்க முடியவில்லை என்றால், நன்றாக இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது?

இந்த மருந்தின் குணம் விசித்திரமானது. பெரும்பாலான மருந்துகளில் மாத்திரையை ஒரு பங்கு கூட்டினால் ரத்தத்தில் அளவும் ஒரு பங்கு கூடும். பெனிட்டாயின் அப்படி நடந்துகொள்ளாது. அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. மலேசியாவுக்குப் போகும் பாலத்தருகே இருக்கும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை நினைத்துப்பாருங்கள். எல்லா முகப்புகளும் திறந்து, வரும் வண்டியும் போகும் வண்டியும் சமமாக இருக்கும்வரை வரிசை இல்லை. அதற்குமேல் கொஞ்சம் வண்டிகள் கூடினால் போதும், வரிசை பாலம் முழுக்க நீண்டுவிடும். 300 மில்லிகிராமில் நன்றாக இருந்தவருக்கு 350 கொடுத்தால் ரத்த அளவு இரண்டு மடங்காவதும் உண்டு. மாத்திரை மாறாமலே, வயது கூடிக் கல்லீரலின் வேகம் குறைந்தாலோ, உடன் சேர்ந்த இன்னொரு மருந்து அந்த நொதியைத் தடுத்தாலோ இதே கதைதான்.

பரிசோதனைத் தாளில் லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம்வரை இயல்பு என்று அச்சிட்டிருக்கும். 20ஐத் தாண்டினால் கண்மணி பக்கவாட்டில் துடிக்கத் தொடங்கும். 30ஐ நெருங்கினால் நடை குடிகாரர் நடைபோல் ஆகும். 40ஐத் தாண்டினால் மந்தமும் குழப்பமும் வரும். அப்படியானால் "அளவு சரி" என்று சொன்னவருக்கு ஏன் தள்ளாட்டம்? உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது எபிலிம் என்ற பெயர்தான். ரத்தத்திலிருக்கும் பெனிட்டாயினில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். ஒட்டாமல் திரியும் மீதிப் பங்குதான் மூளைக்குள் போய் வேலை செய்வது. வால்ப்ரோயேட் அந்தப் புரதத்திலிருந்து பெனிட்டாயினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. போதாக்குறைக்குப் பெனிட்டாயின் சிதைவதையும் ஓரளவு தடுக்கிறது. மொத்த அளவு 15 என்று தாள் சொல்லும்போதே ஒட்டாத பங்கு நச்சு அளவில் இருக்கலாம். வழக்கமான பரிசோதனை மொத்தத்தை மட்டும் பார்ப்பதால் எல்லாம் இயல்பு என்றே வரும்.

ஆகவே ஹெல்த்ஹப் செயலியைத் திறந்து பழைய முடிவுகளில் ஆல்புமின் எவ்வளவு என்று பாருங்கள். அது குறைவாக இருந்தால் என் சந்தேகம் வலுப்படும். மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "எபிலிமும் சேர்ந்து சாப்பிடுகிறார், ஒட்டாத பெனிட்டாயினின் அளவைப் பார்க்க முடியுமா?" இப்படிக் கேட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நீண்ட வரிசையில் பத்து நிமிடத்துக்கு ஒருவரைப் பார்க்கும் மருத்துவருக்குச் சரியான கேள்வியோடு வருபவர் உதவிதான் செய்கிறார். ரத்தம் எடுக்கும் நாளில், கடைசி மாத்திரை எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதையும் குறித்துக் கொடுங்கள். அது தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருள் சொல்வது கடினம்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். புளோக்கின் கீழ்த்தளத்தில் தரை ஓடுகள் சேரும் நேர்க்கோட்டின்மேல், ஒரு காலின் குதியை இன்னொரு காலின் விரல்நுனி தொடும்படி பத்தடி நடக்கச் சொல்லுங்கள். கூடவே நடந்து, விழுந்தால் பிடிக்கத் தயாராக இருங்கள். இரண்டாவது மூன்றாவது அடியிலேயே கால் கோட்டைவிட்டு விலகி, கை இரண்டும் விரிந்தால் அதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் விரலைப் பார்த்துக்கொண்டே தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஓரத்தில் கண் நிற்காமல் மீண்டும் மீண்டும் துடிக்கிறதா? அதையும் படமெடுங்கள். "கொஞ்சம் தடுமாறுகிறார் டாக்டர்" என்று வாயால் சொல்வதைவிட அரை நிமிடப் படம் அதிகம் பேசும்.

இதில் அவசரம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மருந்து கூடியதால் வரும் தள்ளாட்டம் அளவைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பல ஆண்டுகள் அப்படியே நீடித்தால் சிறுமூளையே சுருங்கிப்போவது உண்டு. கால்களில் உணர்ச்சி மரத்துப்போவதும் உண்டு. அந்த நிலைக்குப் போனபின் மருந்தை மாற்றினாலும் முழுதாகத் திரும்பாது.

இப்போது ஈறு. பெனிட்டாயின் சாப்பிடுபவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது வருவதாகச் சொல்வார்கள். வலி இருக்காது. பற்களின் இடையிலுள்ள ஈறு முதலில் புடைத்து, பிறகு பல்லின்மேல் ஏறும். பல்லிடுக்கில் அழுக்குப் படலம் அதிகமாக இருந்தால் வீக்கமும் அதிகமாகும். அதனால் பல் துலக்குவதும் ஆறு மாதத்துக்கொரு முறை சுத்தம் செய்துகொள்வதும் நிஜமாகவே பலன் தரும். ஒன்று கேட்க வேண்டும்: உங்கள் கணவர் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறாரா? 48 வயதில் நம்மவர்களில் பலர் சாப்பிடுகிறார்கள். அதுவும் ஈற்றை வளரச் செய்யும் மருந்துதான். இரண்டும் சேர்ந்தால் பல் மருத்துவர் எவ்வளவு வெட்டிச் சீராக்கினாலும் மறுபடி வளர்ந்து நிற்கும். பெனிட்டாயினை மாற்றினால் சில மாதங்களில் வீக்கம் தானாகவே குறைவதை நிறையப் பார்க்கலாம். அதனால் அறுவைக்கு அவசரப்படாமல் முதலில் மருந்தைப் பற்றிப் பேசுங்கள். பல் பிடுங்கவோ ஈறு வெட்டவோ நேர்ந்தால், எபிலிம் சாப்பிடுவதைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கக் கூடியது. முன்கூட்டியே எண்ணிக்கை பார்த்துவிட்டால், ரத்தம் நிற்காமல் தவிக்க வேண்டியிருக்காது.

எலும்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. யாருமே கேட்பதில்லை. பெனிட்டாயின், பினோபார்பிட்டால், கார்பமாசெபின் ஆகிய மூன்று வலிப்பு மருந்துகளும் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிட்டு வைட்டமின் டி சத்தை வேகமாக அழிக்கின்றன. வால்ப்ரோயேட் வேறு வழியில் எலும்பைத் தேய்க்கிறது. வருடம் முழுக்க வெயில் அடிக்கும் ஊரில் வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். குளிரூட்டிய ரயிலில் ஏறி, குளிரூட்டிய அலுவலகத்தில் இறங்கி, இருட்டியபின் வீடு திரும்புபவர்கள்மேல் வெயில் எங்கே படுகிறது? நம் கறுத்த தோலுக்கு மற்றவர்களைவிட அதிக நேர வெயில் வேண்டும். சைவ உணவு என்றால் உணவிலிருந்தும் அதிகம் வராது. தள்ளாடுகிற ஆளுக்கு எலும்பும் பலவீனமாக இருந்தால் ஒரு வழுக்கல் இடுப்பெலும்பை முறித்துவிடும். வைட்டமின் டி, கால்சியம் பரிசோதனை, எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஆகிய இவற்றை 20 ஆண்டு பெனிட்டாயின் சாப்பிட்டவருக்குக் கேட்டுப் பெறலாம்.

அந்த நொதி முடுக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அது மற்ற மருந்துகளையும் தின்றுவிடும். கொழுப்புக்குச் சாப்பிடும் சிம்வாஸ்டாட்டின், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ரிவராக்ஸபான், அபிக்ஸபான், கருத்தடை மாத்திரை எல்லாமே பெனிட்டாயினோடு சேர்ந்தால் வலுவிழக்கும். அதோடு கொழுப்பின் அளவையே இந்த வகை மருந்துகள் சற்று உயர்த்துகின்றன. சர்க்கரை, இதயநோய் இரண்டும் அதிகமுள்ள இந்தியக் குடும்பங்களில் இது சின்ன விஷயம் இல்லை. பலதுறை மருந்தகத்தில், அதாவது பாலிகிளினிக்கில், கொழுப்பு மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், அளவு இறங்க மறுக்கிறது என்றால், பெனிட்டாயினும் ஒரு காரணமா என்று கேளுங்கள். பெனிட்டாயினை எடுத்துவிட்டால் முடுக்கம் அடங்க இரண்டு மூன்று வாரமாகும். அதன்பின் அதே அளவு கொழுப்பு மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் முன்னைவிட பலமாக வேலை செய்யும். எபிலிமின் அளவும் கூடும். மாற்றம் நடக்கும் காலத்தில் நரம்பியல் பிரிவும் பலதுறை மருந்தகமும் ஒருவருக்கொருவர் செய்வதை அறிந்திருக்க வேண்டும். அந்தத் தகவலைக் கொண்டுசேர்க்கும் வேலை பெரும்பாலும் மனைவியின் தலையில்தான் விழுகிறது.

எபிலிமின் பங்குக்கு எடை கூடும், முடி உதிரும், உதிர்ந்த இடத்தில் சுருட்டையாக முளைக்கும், கை நடுங்கும். காப்பிக்கடையில் தட்டைத் தூக்கி வரும்போது தேநீர் சிந்துகிறதா என்று பாருங்கள். குடித்துவிட்டாரோ என்று அக்கம்பக்கத்தில் சந்தேகப்படுவார்கள். காரணம் தெரியாமல் வெட்கப்பட்டு வெளியே சாப்பிடுவதையே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. சிலருக்கு ரத்தத்தில் அமோனியா கூடி மந்தமும் மறதியும் வரும். கல்லீரல் பரிசோதனை சரியாக இருந்தாலும் இது நடக்கலாம், தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டிய பரிசோதனை. ஒருவேளை எப்போதாவது கடும் தொற்றுக்காக அவரை மருத்துவமனையில் சேர்த்தால், எபிலிம் சாப்பிடுவதை வார்டில் உரக்கச் சொல்லுங்கள். மெரோபெனெம் போன்ற ஒரு வகை ஆன்டிபயாட்டிக் ஏற்றினால் எபிலிமின் அளவு ஓரிரு நாளில் சரிந்து வலிப்பு திரும்பிவிடும்.

இதைப் படிக்கும் பெண்களுக்காக இங்கே சற்று நிற்கிறேன். கருத்தரிக்கும் வயதிலிருப்பவர் வால்ப்ரோயேட் சாப்பிட்டால், பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு இருக்கும். 30 முதல் 40 சதவீதக் குழந்தைகளுக்குப் பேச்சு, படிப்பு, பழக்கவழக்கம் ஆகியவற்றில் பின்தங்கல் வரலாம். கருத்தரிக்கும் முன்பே மருந்தை மாற்றுவதற்கு வழி இருக்கிறது. கரு தரித்தபின் பயந்துபோய்த் தானே நிறுத்துவது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. கல்யாணத்துக்கு முன் வலிப்பை மறைத்து, புகுந்த வீட்டில் குளியலறைக்குள் ஒளிந்து மாத்திரை விழுங்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பைத் திருமணத் தடையாகச் சொல்லியிருந்த வரியையே 1999இல் எடுத்துவிட்டார்கள். சட்டம் விட்டுவிட்டது, சொந்தக்காரர்கள்தான் விடவில்லை. ஒளித்துச் சாப்பிடும் மாத்திரைதான் அடிக்கடி தவறிப்போகிறது.

மறதிக்கு வருவோம். இதில் ஒரே குற்றவாளியைப் பிடிப்பது கடினம். பல ஆண்டு வலிப்பே நினைவாற்றலைத் தின்னும். தூக்கக் குறைவு, மனச்சோர்வு இரண்டும் மறதியாக வேடம் போடும். மருந்துகளில் பினோபார்பிட்டாலும் டோபிராமேட்டும் இதில் முன்னணியில் நிற்பவை. டோபிராமேட் சாப்பிடுபவர் நாக்கு நுனியில் சொல்லை வைத்துக்கொண்டு திணறுவார். பெனிட்டாயின் சரியான அளவில் இருக்கும்போது சிந்தனையைச் சற்று மெதுவாக்கும், கூடினால் நன்றாகவே மந்தமாக்கும். உங்கள் கணவருக்குப் பேச்சு இழுப்பதும் நடை தடுமாறுவதும் சேர்ந்தே வந்திருப்பதால் மறதியும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். மருந்தைச் சீராக்கிய பின்னும் தொடர்ந்தால் அதற்கெனத் தனிப் பரிசோதனை வேண்டும்.

இத்தனை இருந்தும் இதை ஏன் யாரும் முன்பே கண்டுபிடிக்கவில்லை என்று உங்களுக்குக் கோபம் வரலாம். மெதுவாக வரும் பக்கவிளைவு எல்லாருடைய கண்ணிலும் மண்ணைத் தூவும். தோலில் கொப்புளம் வந்தால் அன்றே ஓடுவோம். 15 ஆண்டுகளில் நடை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டால் "வயதாகிவிட்டது", "அவர் எப்போதுமே மந்தம்தான்" என்று ஆளின் குணத்தோடு சேர்த்து எழுதிவிடுகிறோம். மருத்துவர் பார்ப்பது ஆண்டுக்கு இரண்டு முறை, அதிலும் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். "வலிப்பு வந்ததா?" "இல்லை." அதோடு சீட்டு அச்சாகிவிடும். அவர் நடப்பதை நாள்தோறும் பார்ப்பவர் நீங்கள்தான். அதனால் அடுத்த முறை நீங்களும் உள்ளே போங்கள். கதவைத் தாண்டி வரும்போதே அவர் நடையை மருத்துவர் பார்க்கட்டும். பழைய திருமணப் படத்தில் ஈறு தெரியச் சிரிக்கும் படம் ஒன்று இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

மருந்தை மாற்றலாம் என்று மருத்துவர் சொன்னால் பெரும்பாலும் லெவெடிராசிடாம், லாமோட்ரிஜின் போன்ற பெயர்கள் வரும். புதிய மருந்து என்றால் பக்கவிளைவு இல்லாத மருந்து என்று நினைத்துவிட வேண்டாம். லெவெடிராசிடாம், கெப்ரா என்ற பெயரில் பலருக்குத் தெரிந்தது, எலும்பையும் ஈற்றையும் தொடாது, மற்ற மருந்துகளோடு சண்டையும் போடாது. ஆனால் சிலருடைய மனத்தைப் பிடித்து ஆட்டும். சாதுவாக இருந்தவர் சாப்பாட்டில் உப்பு குறைந்ததற்குத் தட்டை எறிவார், அல்லது மூலையில் உட்கார்ந்து அழுவார். "இவர் இப்படிப்பட்டவரே இல்லை" என்று முதலில் உணர்பவர் மனைவிதான். அது மருந்தின் வேலையாக இருக்கலாம் என்று உடனே சொல்லுங்கள், குடும்பச் சண்டையாக்கி விடாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால் எந்த நேரமானாலும் 1767 என்ற உதவி எண்ணை அழைக்கலாம், உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸ் எண் 995.

லாமோட்ரிஜின் மனத்துக்கு இதமானது, ஆனால் அவசரப்பட்டால் தோலைப் பதம் பார்த்துவிடும். எபிலிமோடு சேர்ந்து சாப்பிடுபவருக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் 25 மில்லிகிராம் என்ற அளவில்தான் தொடங்குவார்கள். "இவ்வளவு சின்ன அளவா?" என்று நீங்களாகக் கூட்டிவிட வேண்டாம். கார்பமாசெபின் பற்றிப் பேச்சு வந்தால் மரபணுப் பரிசோதனையைக் கேளுங்கள். எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த மருந்து தோலையே உரித்துவிடும் கொடிய ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று 2004இல் தைவானில் கண்டறிந்தார்கள். 2013 முதல் சிங்கப்பூரில், ஆசிய வம்சாவளியினர் கார்பமாசெபினைப் புதிதாகத் தொடங்குமுன் இந்தப் பரிசோதனை வழக்கமாகிவிட்டது. சீனர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் அந்த மரபணு அதிகம். நம்மிடம் குறைவுதான், அறவே இல்லை என்று சொல்ல முடியாது. எந்தப் புதிய வலிப்பு மருந்தானாலும் முதல் மூன்று மாதத்தில் காய்ச்சலோடு தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குமேல் வலிப்பு வராதவர்களுக்கு மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதை மருத்துவர்கள் யோசிப்பதுண்டு. 1991இல் பிரிட்டனில் வெளியான பெரிய ஆய்வில், இரண்டு ஆண்டுகளின் முடிவில் மருந்தைத் தொடர்ந்தவர்களில் 78 சதவீதம் பேர் வலிப்பின்றி இருந்தார்கள், படிப்படியாக நிறுத்தியவர்களில் 59 சதவீதம் பேர். அதாவது நிறுத்தியும் நன்றாக இருந்தவர்களே அதிகம். தொடர்ந்து சாப்பிட்டும் சிலருக்கு வந்தது. இடைவெளி சிறிதில்லை. எந்த வகை வலிப்பு, மூளை ஸ்கேனில் தழும்பு உண்டா, மூளை மின்னலைப் பதிவு எப்படி என்பவற்றைப் பொறுத்து உங்கள் கணவர் எந்தப் பக்கம் விழுவார் என்பது மாறும். இரண்டு மருந்து தேவைப்பட்டவர் என்பது நிறுத்துவதற்குச் சாதகமான செய்தி இல்லை. அவர் வாகனம் ஓட்டுகிறாரா, உயரத்திலோ இயந்திரத்தோடோ வேலையா என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தைக் குறைக்கும் காலத்தில் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

திடீரென்று நிறுத்துவது முற்றிலும் வேறு விஷயம். 20 ஆண்டு மருந்தை ஒரே நாளில் விட்டால், நிற்காமல் தொடரும் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். ஐந்து நிமிடத்துக்குமேல் வலிப்பு நீடித்தால் 995 அழையுங்கள். நிறுத்துவது என்று முடிவானாலும் மாதக்கணக்கில், ஒரு நேரத்தில் ஒரு மருந்தாகக் குறைப்பார்கள். மாமியாரிடம் இப்படிச் சொல்லிப்பாருங்கள்: "நிறுத்துவதைப் பற்றி டாக்டரிடமே கேட்கப் போகிறோம், நீங்களும் வாருங்கள்." பெரியவர்களை ஒதுக்கினால் அவர்கள் வேறு வழி தேடுவார்கள். தைப்பூச விரதம் என்றால் மாத்திரையும் விரதம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். முந்தைய இரவு தூங்காமல், மாத்திரையும் இல்லாமல், காவடியோடு சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடுவரை நடந்தால் வலிப்பை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததாகிவிடும்.

கடைசியாக, ஊரிலிருந்து மைத்துனர் மாத்திரை வாங்கி வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெனிட்டாயின் விஷயத்தில் வேண்டாம் என்பேன். அங்கே எப்டாயின் என்று கிடைப்பதும் பெனிட்டாயின்தான். ஆனால் மாத்திரைக்குள் இருக்கும் உப்பு வடிவமும் அது கரையும் வேகமும் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடலாம். சாதாரண மருந்தில் பொருட்படுத்தத் தேவையில்லாத அந்த வித்தியாசம், நான் மேலே சொன்ன உச்சவரம்பு உள்ள மருந்தில் ரத்த அளவைத் தூக்கியோ இறக்கியோ விடும். சொந்தப் பயன்பாட்டுக்கு மூன்று மாதத்துக்கு மேற்படாத மருந்தைக் கொண்டுவரப் பொதுவாகத் தடையில்லை என்றாலும், பினோபார்பிட்டால், குளோனசெபாம் போன்றவற்றுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். சங்கபுஷ்பி கலந்த ஆயுர்வேத மருந்தையும் மூளைக்கு நல்லது என்று யாராவது கொடுத்துவிட்டால் வாங்கி வைத்துவிடுங்கள், கொடுக்காதீர்கள். பெனிட்டாயினின் ரத்த அளவை அது குறைப்பது ஆய்வில் தெரிந்த விஷயம். செலவுதான் கவலை என்றால், நாட்பட்ட நோய்களுக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கின் பணத்தைப் பயன்படுத்தும் திட்டத்தில் வலிப்பு நோயும் இருக்கிறது. மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரிடமும் பேசுங்கள். புதிய மருந்துகளின் மலிவான பொதுப்பெயர் வகைகள் இப்போது நிறைய வந்துவிட்டன. எந்தத் தயாரிப்பில் தொடங்குகிறாரோ அதிலேயே தொடர முடியுமா என்று மட்டும் மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை மருந்து வாங்கும்போதும் முகப்பிலேயே பெட்டியைத் திறந்து பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.